போலீஸ் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஐந்து வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. மகளுக்கு ஐந்து வயது. பெங்களூர் விவேக் நகருக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. பள்ளியில் ‘நமக்கு உதவுபவர்கள்’ பாடம் நடக்கிறது, போலீஸ் பற்றி ஐந்து வரி பேசிக் காட்ட வேண்டும். அவளோ சிக்னலில் காக்கி உடையைப் பார்த்தாலே உங்கள் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி சாதம் ஊட்டும்போது, “சாப்பிடலன்னா போலீஸ்கிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்” என்று சொல்வதுதான் காரணம் என்று நினைக்கிறீர்கள். ஐந்து வரியை யார் வேண்டுமானாலும் எழுதித் தந்துவிடுவார்கள். உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பது வேறு: குழந்தை பயப்படவும் கூடாது, அதற்காகப் போலீஸ் எல்லாரும் தெய்வம் என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன சொல்வது என்பதுதான் நீங்கள் கேட்பது.

குழந்தைகள் தொடர்பான சட்டங்களைப் பள்ளிகளிலும் காவலர் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லிக்கொடுப்பது என் தொழில். கீழே சொல்வதில் சட்டத்தில் இருப்பது எல்லாம் உறுதியானது. எந்த வயதில் எதைச் சொல்லலாம் என்பது பல வருடம் பிள்ளைகளோடு பேசியதில் வந்த கணிப்பு. குழந்தைக்குக் குழந்தை அது மாறும். உங்கள் மகளுக்குப் பொருந்தாததை விட்டுவிடுங்கள்.

முதலில் பாட்டியின் மிரட்டலை நிறுத்த வேண்டும். மற்ற எல்லா விளக்கமும் அதற்குப் பிறகுதான். பசவனகுடி ‘கடலைக்காய் பரிஷே’ நிலக்கடலைத் திருவிழாவிலோ, லால்பாக் மலர்க் கண்காட்சியிலோ, செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகர் மேரி மாதா திருவிழாவிலோ கூட்டத்தில் ஒரு குழந்தை கைவிட்டுப் போனால், அதைத் தேடுவது அங்கே பந்தோபஸ்துக்கு நிற்கும் காவலர்கள்தான். ‘போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்’ என்று கேட்டு வளர்ந்த குழந்தை அந்த நேரத்தில் கடைத் தட்டிக்குப் பின்னால் போய் ஒளியும். கண்டுபிடித்த பிறகும் பேரைக் கேட்டால் வாய் திறக்காது, இன்னும் ஓங்கி அழும். பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது மணிக்கணக்கில் இழுக்கும். சோறு நாலு வாய் கூடுதலாகப் போவதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

அந்த மிரட்டல் சட்டப்படியும் பொய். ஏழு வயது நிறையாத குழந்தை செய்யும் எதுவும் குற்றமே ஆகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 82-ஆம் பிரிவாக இருந்த அதே விதிதான். ஆகவே உங்கள் மகள், “என்னைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போவாங்களா?” என்று கேட்டால், தயங்காமல், “மாட்டாங்க. சின்னப் பிள்ளைங்களைப் போலீஸ் பிடிக்கவே கூடாதுன்னு ரூல் இருக்கு” என்று சொல்லலாம். ஆறுதலுக்காகச் சொல்லும் பொய் இல்லை, உண்மை. பெரிய அண்ணன் அக்கா இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்: 18 வயதுக்குக் கீழ் உள்ள யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். தவறு செய்த பிள்ளையைச் சிறார் நீதி வாரியத்தின் முன்னால்தான் நிறுத்த வேண்டும். 16 வயது தாண்டிய பிள்ளை கொடுங்குற்றம் செய்ததாக வழக்கு வந்தால் விசாரணை முறை மாறலாம். லாக்கப் கிடையாது என்பது அப்போதும் மாறாது.

பாட்டியிடம் இதைச் சட்டப் பாடமாக எடுத்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். “கூட்டத்துல இவ தொலைஞ்சு போனா போலீஸைப் பார்த்து ஓடிருவாம்மா” என்று ஒரே வரி சொல்லுங்கள். பேத்தி தொலைந்துபோவது என்ற நினைப்பு வந்ததும் பெரும்பாலான பாட்டிகள் தானாகவே நிறுத்திவிடுவார்கள். மிரட்டலின் இடத்தில் வேறு ஒன்றைக் கொடுக்கவும் வேண்டும். “சாப்பிட்டாத்தான் பார்க்” என்பது போல, நடக்கக்கூடிய, பாட்டியே நடத்திக்காட்டக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். பூச்சாண்டிக்கும் இந்த ஆபத்து கிடையாது. பூச்சாண்டி நேரில் வந்து உதவப் போவதில்லை. போலீஸ் ஒருநாள் உதவ வேண்டியிருக்கும்.

இன்னொரு பாடத்தையும் நம்மை அறியாமல் நடத்துகிறோம். ஸ்கூட்டரில் முன்னால் குழந்தை நிற்கிறது. தூரத்தில் டிராஃபிக் போலீஸின் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் அப்பா சட்டென்று குறுக்குச் சந்துக்குள் வண்டியைத் திருப்புகிறார், ஹெல்மெட் இல்லை. அந்த ஒரு திருப்பத்தில் குழந்தை கற்றுக்கொள்வதை எந்தப் பாடப்புத்தகத்தாலும் அழிக்க முடியாது. நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டோடு, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அபராதம் கட்ட வேண்டி வந்தால் குழந்தையின் எதிரிலேயே நிறுத்தி, “நான் ஹெல்மெட் போடல, தப்பு என்மேல, அதான் பணம் கட்டுறேன்” என்று சொல்லிக் கட்டுங்கள். போலீஸ் பற்றிய நல்ல விளக்கங்களில் அதுவும் ஒன்று.

இனி என்ன சொல்வது என்பதற்கு வருகிறேன். ஐந்து வயதுக்கு ‘சட்டம் ஒழுங்கு’ என்பதெல்லாம் பிடிபடாது. கண்ணால் பார்க்கக்கூடிய வேலையில் தொடங்குங்கள். ரிச்மண்ட் சர்க்கிளில் சிவப்பு விளக்கு வேலை செய்யாத நேரத்தில் ஒரு பக்கத்தை நிறுத்தி இன்னொரு பக்கத்தை விடுகிறவர் டிராஃபிக் போலீஸ். பெங்களூரில் அவர்களுக்கு வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட். தெருவில் சுற்றிவரும் ‘ஹொய்சளா’ என்று எழுதிய வண்டி ரோந்து வண்டி. யாராவது 112-ஐ அழைத்தால் கட்டுப்பாட்டறையில் எடுப்பவர், எந்த இடம், என்ன ஆச்சு என்று கேட்டு, பக்கத்தில் இருக்கும் ஹொய்சளாவை அங்கே அனுப்புவார். ராத்திரி எல்லாரும் தூங்கும்போது பைக்கில் தெருத்தெருவாக வருகிறவர் பீட் போலீஸ். தன் பீட்டில் குறித்துவைத்த இடங்களுக்கெல்லாம் போனதற்கு அவர் அத்தாட்சி வைக்க வேண்டும். முன்பு சுவரில் தொங்கும் நோட்டில் கையெழுத்து, இப்போது பல இடங்களில் க்யூஆர் ஸ்கேன். வீட்டுக்கு வரும் போலீஸும் உண்டு. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவரைக் குழந்தை பார்த்திருந்தால், “அவங்க யாரையும் பிடிக்க வரல, அப்பா இந்த வீட்லதான் இருக்காரான்னு பார்க்க வந்தாங்க” என்று சொல்லிவைக்க நல்ல வாய்ப்பு. உடையில் உள்ள சின்னச் சின்ன விஷயங்களில் குழந்தைகளுக்கு ஆர்வம் அதிகம். அதை விடாதீர்கள். கையில் மூன்று பட்டை இருந்தால் ஏட்டு. தோளில் ஒரு நட்சத்திரம் ஏ.எஸ்.ஐ., இரண்டு எஸ்.ஐ., மூன்று இன்ஸ்பெக்டர், இந்த மூவருக்கும் தோள் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக ஒரு ரிப்பன் இருக்கும். அதே மூன்று நட்சத்திரம் ரிப்பன் இல்லாமல் இருந்தால் அவர் ஏ.சி.பி. புத்தகப் படத்தில் ஒரு பக்கம் மடித்துவிட்ட பழைய தொப்பியைப் பார்த்துவிட்டு, தெருவில் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டால் காரணம் இருக்கிறது. கர்நாடகக் காவலர்கள் பல பத்தாண்டுகளாக அந்தத் தொப்பியைத்தான் போட்டார்கள். 2025-இல்தான் கருநீல பீக் கேப்புக்கு மாறினார்கள்.

பயம் குறைந்த பிறகு ஒரு அடி மேலே போங்கள். திரைப்படம் பார்த்து வளரும் நம் பிள்ளைகள் மனதில் அழுத்தமாகப் பதிந்திருக்கும் தவறு, ‘போலீஸ் தண்டனை கொடுப்பாங்க’ என்பது. போலீஸ் தேடலாம், தடுக்கலாம், பிடிக்கலாம், என்ன நடந்தது என்று எழுதலாம். தண்டிக்க முடியாது. பிடித்தவரை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. இதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்ல வகுப்பறையே போதும். டீச்சர் வெளியே போனால் லீடர் பேரை எழுதிவைக்கிறான். அடிப்பதற்கோ வெளியே நிறுத்துவதற்கோ அவனுக்கு அதிகாரம் இல்லை. டீச்சர் வந்து, பேர் இருக்கிறவனிடமும் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வார். லீடர் தப்பாக ஒரு பேரை எழுதியிருக்கவும் கூடும், அதனால்தான் டீச்சர் இரண்டு பேரையும் கேட்கிறார். ஆறேழு வயதில் இதைப் புரிந்துகொள்ளும் பிள்ளை, பிற்பாடு நீதிமன்றம் எதற்கு, வக்கீல் எதற்கு என்று கேட்கும்போது பாதி தூரம் வந்துவிட்டிருக்கும்.

துப்பாக்கி பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். தெருவில் பார்க்கும் காவலர்களில் பெரும்பாலோரிடம் லத்திதான் இருக்கும். துப்பாக்கி தருவது சில வேலைகளுக்கு மட்டும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு எழுத வேண்டும் என்று சொன்னால் போதும். “போலீஸ் அடிப்பாங்களா?” என்ற கேள்வியில்தான் பெற்றோர் தடுமாறுகிறார்கள். இல்லை என்று சொன்னால் பொய். அடிப்பாங்க என்று சொன்னால் பழைய பயம் திரும்பிவிடும். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “பிடிச்சு வெச்சிருக்கிறவங்களை அடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. சில போலீஸ் அதை மீறுறாங்க. மீறினா அவங்க மேலயும் கேஸ் போடலாம்.” ஒப்புக்கொள்ள வைப்பதற்காக ஒருவரை அடித்துக் காயப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவில் குற்றம். காயத்துக்கு ஏழு ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை சிறை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதும் இல்லை.

பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சாத்தான்குளம் பற்றி எங்காவது கேட்டுவிட்டு வருவார்கள். 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள், அந்தக் காவலர்களே கைது செய்யப்பட்டார்கள், சி.பி.ஐ. அவர்கள் மேல் கொலை வழக்கு நடத்தியது. இதை மறைக்காதீர்கள். அதோடு, மாதக்கணக்கில் காணாமல் போன ஒரு பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்த காவலரைப் பற்றியும் பேசுங்கள். இரண்டும் ஒரே துறையில் நடக்கிறது என்பதைத் தாங்கும் பக்குவம் அந்த வயதுக்கு உண்டு. ஐந்து வயதுக்கு இல்லை என்பது என் கணிப்பு, அதனால் உங்கள் மகளிடம் இப்போது இதை எடுக்க வேண்டாம்.

நான் முக்கியம் என்று நினைப்பது தொலைந்துபோனால் என்ன செய்வது என்ற பயிற்சி. இதைப் பெரும்பாலும் தவறாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘போலீஸ்கிட்ட போ’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஐந்து வயதுக் கண்ணுக்கு அபார்ட்மெண்ட் செக்யூரிட்டியும், மெட்ரோ வாசலில் பையைச் சோதிப்பவரும், மாநகராட்சி மார்ஷலும், ஹோம் கார்டும், போலீஸும் ஒன்றுதான். எல்லாருக்கும் தொப்பி, பெல்ட், பூட்ஸ். உடை யாருக்கும் கிடைக்கும் என்பதும் இருக்கிறது. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் நின்ற இடத்திலேயே நின்று சத்தமாகக் கூப்பிட வேண்டும், அம்மா என்று இல்லாமல் அம்மாவின் பேரைச் சொல்லி. கூட்டத்தில் ‘அம்மா’ என்றால் யாரும் திரும்ப மாட்டார்கள், “தேன்மொழி!” என்றால் நீங்கள் திரும்புவீர்கள். அடுத்து, குழந்தையோடு இருக்கும் ஒரு அம்மா, அல்லது கடையில் பில் போடுபவர், அல்லது சட்டையின் வலது மார்பில் பெயர்ப்பட்டை போட்ட போலீஸ். யாரிடம் போனாலும் கேட்பது ஒன்றுதான்: “எங்க அம்மாவுக்கு ஃபோன் பண்ணுங்க.” யார் கூப்பிட்டாலும், போலீஸ் உடையில் இருந்தாலும், ஃபோன் போகும் முன்னால் வண்டியில் ஏறவோ கூட்டம் இல்லாத இடத்துக்குப் போகவோ கூடாது. ‘மரியாதை இல்லாம பேசாதே’ என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இந்த மறுப்பு வராது. வீட்டில் நீங்கள் போலீஸாக நடித்து, அவளை, “முதல்ல ஃபோன் பண்ணுங்க” என்று சொல்லவைத்துப் பழக்க வேண்டும்.

பெங்களூரில் நமக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வந்து ஒரு வருடமே ஆன குழந்தைக்குக் கன்னடம் தெரியாது, காவலருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் பெரும்பாலும் தெரியும், மற்ற இடங்களில் உறுதி இல்லை. இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்ய வையுங்கள்: “நானு களெது ஹோகித்தீனி. அம்மனிகே ஃபோன் மாடி.” நான் தொலைந்துபோய்விட்டேன், அம்மாவுக்கு ஃபோன் பண்ணுங்கள். அதோடு பத்து இலக்க எண். குழந்தைகள் அதைப் பாட்டாக மனப்பாடம் செய்துவிட்டு, நடுவில் யாராவது குறுக்கே பேசினால் மறந்துவிடுவார்கள். ஐந்து ஐந்தாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்து, பழக்கமான மளிகைக் கடைக்காரரிடம் சொல்லச் சொல்லிச் சோதியுங்கள். வீட்டில் சரியாகச் சொல்லும் எண், புது முகத்தின் முன்னால் தடுமாறும். சிம் மாற்றினால் அன்றே புது எண்ணைச் சொல்லிக்கொடுங்கள். பழைய எண்ணை அட்சரம் பிசகாமல் சொல்லும் குழந்தையால் பயனில்லை. ‘பெங்களூர்’ என்பது முகவரி இல்லை, ‘விவேக் நகர், இன்ன கோயில் பக்கத்துத் தெரு’ என்று தெரிந்திருக்க வேண்டும். திருவிழாவுக்குக் கிளம்பும் முன் அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுத்துவைத்தால், ‘என்ன கலர் டிரஸ்’ என்ற கேள்விக்குப் பதட்டத்தில் தடுமாற வேண்டியதில்லை. பெயரும் எண்ணும் எழுதிய சீட்டை உள் பாக்கெட்டில் வையுங்கள், பைக்கு வெளியே பெயரை எழுதாதீர்கள். பேரைச் சொல்லிக் கூப்பிடும் யாரையும் குழந்தை தெரிந்தவர் என்று நம்பிவிடும்.

112 பற்றி இதே இடத்தில் சொல்லிவிடலாம். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் இந்த எண். பூட்டிய ஃபோனிலும் ‘எமர்ஜென்சி’ என்ற இடத்தைத் தொட்டு இதை அழைக்கலாம். உங்கள் ஃபோனில் அது எங்கே வருகிறது என்று காட்டிவையுங்கள். ஆனால் பழகுவதற்காக நிஜமாக அழைக்க வேண்டாம், அந்த நேரத்தில் வேறு ஒருவரின் அழைப்பு காத்திருக்கும். பொம்மை ஃபோனில் பழகட்டும். குழந்தைகளுக்கென்றே உள்ள எண் 1098.

குழந்தை உண்மையிலேயே காணாமல் போனால் 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்ற பேச்சை நம்பாதீர்கள். காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் எஃப்.ஐ.ஆர். ஆகப் பதிய வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. எந்த ஸ்டேஷன் எல்லை என்பதும் தடை இல்லை, பக்கத்தில் இருக்கும் ஸ்டேஷனில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம், நகல் இலவசம். மறுபக்கம், போலீஸ் கையில் கிடைத்த குழந்தையின் பெற்றோர் தெரியவில்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏ.எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அதிகாரியாக இருக்க வேண்டும், குழந்தையிடம் பேசும்போது சாதாரண உடையில் இருக்க வேண்டும் என்பதும் விதி. பாலியல் குற்றங்களில் போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு இன்னும் தெளிவு: குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் எடுக்க வேண்டும், யூனிஃபார்ம் கூடாது, இரவில் எக்காரணம் கொண்டும் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. இவை எழுதப்பட்ட விதிகள். எல்லா ஸ்டேஷனிலும் ஒரே மாதிரி நடக்கின்றன என்று சொல்ல மாட்டேன். நடக்காத இடத்தில், “குழந்தைகள் நல அதிகாரியைக் கூப்பிடுங்க” என்று பதவிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் நிலைமை மாற வாய்ப்பு அதிகம்.

பள்ளிக்கான ஐந்து வரியை அவளே பார்த்ததில் இருந்து எடுங்கள். “டிராஃபிக் போலீஸ் வெள்ளைச் சட்டை போடுவாங்க. ஹொய்சளா வண்டியில சுத்தி வருவாங்க. 112 கூப்பிட்டா வருவாங்க. நான் தொலைஞ்சு போனா எங்க அம்மாவுக்கு ஃபோன் பண்ணுவாங்க. தப்பு செஞ்சவங்களை ஜட்ஜ்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க.” பேச்சுத் தமிழில் வாய்க்கு வந்த பிறகு ஆங்கிலத்துக்கோ கன்னடத்துக்கோ மாற்றினால் ஒப்பிப்பது போல இருக்காது.

வீட்டில் பெரிய பிள்ளை ஃபோன் வைத்திருந்தால் அவனுக்கு ஒரு வார்த்தை. வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர் தோன்றி, ‘உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், அறையை விட்டு வெளியே போகாதே, யாரிடமும் சொல்லாதே’ என்றால் அது மோசடி. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை. உடனே காலைத் துண்டித்துவிட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழைக்க வேண்டும்.

ஸ்டேஷனை நேரில் காட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். காட்டலாம். பள்ளிப் பிள்ளைகளை வரவேற்றுச் சுற்றிக்காட்ட ‘தெரெத மனெ’ (திறந்த வீடு) என்று கர்நாடகக் காவல்துறையே ஒரு திட்டம் நடத்தியிருக்கிறது. பள்ளி வழியாக இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்துக் கேட்பது நல்லது. தனியாகப் போவதாக இருந்தால் முதல் நாள் நீங்கள் மட்டும் போய் எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு வாருங்கள். காலையில் ரோல்கால் நேரமும் மாலைக்கு மேல் சண்டை வழக்குகள் வரும் நேரமும் ஆகாது. வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் சென்ட்ரி, புகார் எழுதும் ரைட்டரின் மேஜை, வயர்லெஸ் கரகரப்பது, இவ்வளவு போதும். லாக்கப்பைக் காட்ட வேண்டாம். உள்ளே ஒருவர் இருப்பார், அவரும் யாருக்கோ அப்பா, வேடிக்கை பார்க்க வைப்பது அவருக்கும் அநியாயம், குழந்தைக்கும் நல்லதில்லை. வேடிக்கைக்காக, “இவளை உள்ள வெச்சுக்குங்க சார்” என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுங்கள், அவள் கேட்டால் இன்னொரு நாள்.

இவ்வளவும் பாட்டியின் மிரட்டல், சினிமா, கேள்விப்பட்டது ஆகியவற்றால் வந்த பயத்துக்கு. வீட்டில் யாரையாவது போலீஸ் கூட்டிப் போனதையோ, குடிசை இடிக்கும்போது லத்தி வீசியதையோ கண்ணால் பார்த்த குழந்தைக்கு இந்த விளக்கம் பிடிக்காது, பிடிக்க வைக்க முயலவும் கூடாது. அந்தக் குழந்தையின் பயம் அனுபவத்தில் இருந்து வந்தது. ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனால் அது இன்னும் கூடும். படுக்கையை நனைப்பது, சைரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உறைந்துபோவது, வெளியே வரவே மறுப்பது இவை சில வாரங்களாக நீடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். பெங்களூரில் ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நேரில் போகும் முன் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.